ரசமட்டம்

பாலைவனத்தைப் பார்த்ததும் மேஸ்திரி வேனை நிறுத்திக் கீழே இறங்கினார். கண்ணுக்கெட்டிய தூரம்வரை தரையைப் பார்த்துவிட்டு, "யாரோ மட்டம் பார்த்துதான் போட்டிருக்கான்," என்றார். முப்பது வருஷம் வீடு வீடாக டைல்ஸ் பதித்த மனிதர், ஒரு பாலைவனத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டுத் தர முடியாது. அவர் மனைவி வேனை விட்டு இறங்கவில்லை. மேடும் பள்ளமுமாக ஒரு பாலைவனம் கிடைத்திருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

தெருவில் எல்லோருக்கும் அவள் நர்ஸம்மா. ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருஷம், அதில் பாதிக்கு மேல் ராத்திரி ட்யூட்டி. ஓய்வு பெற்ற அன்று கூட இருந்த நர்ஸுகள், "இனிமே என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டார்கள். "ராத்திரியில தூங்கப் போறேன்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. மேஸ்திரி வேனில் ஊர் சுற்றலாம் என்றபோதும் அவள் போட்ட நிபந்தனை அது ஒன்றுதான். "நிம்மதியா தூங்க விட்டா எங்க வேணாலும் வரேன்."

கிளம்பிப் பதினாறு நாள் ஆகியிருந்தது. ஒரு ராத்திரிகூட அவள் தூங்கவில்லை.

காரணம் கட்டில். நிறுத்தும் இடத்திலெல்லாம் மேஸ்திரி முதல் வேலையாகப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுப்பார். நடுவில் கண்ணாடிக்குள் குமிழி ஓடும் மஞ்சள் கட்டை அது. அதைப் பின்கதவுப் படியில் வைத்து, எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறதோ அந்தச் சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்து, குமிழி நடுவுக்கு வந்த பிறகுதான் அடுப்பையே பற்றவைக்க விடுவார். வேன் கச்சிதமாக மட்டத்தில் நிற்கும். உள்ளே கட்டில் மட்டும் வலது பக்கம் நாலு விரல்கடை இறங்கியிருக்கும். அந்தப் பக்கம் சுவர். சுவரை ஒட்டி அவள். படுத்த ஐந்தாவது நிமிஷம் மேஸ்திரி குறட்டை விட ஆரம்பிப்பார், பத்தாவது நிமிஷம் சரிய ஆரம்பிப்பார். அப்புறம் விடியும்வரை தொண்ணூறு கிலோவுக்கும் தகரத்துக்கும் நடுவில் அவள் சட்னிதான். ஒரு தடவை இடம் மாற்றிப் படுத்தும் பார்த்தாள். அப்போது அவள் அவர்மேல் உருண்டாள். அவர் தூக்கத்திலேயே, "என்ன, குளிருதா?" என்று பிரியமாகக் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கோணல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. அலமாரியில் வைத்த டீ டம்ளர் தானாக நகர்ந்து ஓரத்துக்குப் போனது. அதைப் பிடித்தபோதே தெருவை நினைத்தாள். அவர்கள் தெரு இடது பக்கச் சாக்கடையை நோக்கி நன்றாகச் சரிந்த தெரு. பழைய பள்ளிக்கூட வேன் ஒன்றை வாங்கி அங்கே வீட்டு வாசலில் நிறுத்தி, ஒரு வருஷம் உட்கார்ந்து கட்டில், அலமாரி, அடுப்பு மேடை எல்லாம் அவரே செய்தார். ஒவ்வொன்றுக்கும் ரசமட்டம் வைத்தார். குமிழி நடுவில் நின்றது. வேனே சாய்ந்து நின்றது மட்டும் அவர் புத்திக்கு எட்டவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் அதுவரை வேலை செய்ததெல்லாம் கட்டடத்தில். கட்டடம் கிளம்பி வேறு ஊருக்குப் போவதில்லை.

சொல்லியிருக்கலாமே என்றால், சொல்ல வந்தாள். மூன்றாம் நாள், "கட்டில் ஒரு மாதிரி இருக்குங்க," என்று ஆரம்பித்தாள்.

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்," என்றார் மேஸ்திரி சிரித்துக்கொண்டே. ஆனால் சிரிப்பு முடிந்த பிறகும் ஒரு நொடி கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள்.

"ஆமா, எனக்குத்தான் புது இடம் ஒத்துக்கல," என்று சொல்லி முடித்துக்கொண்டாள்.

அந்த முகம் அவருடைய கடைசி வேலையின்போது பார்த்தது. கூடத்தில் டைல்ஸ் பதித்து முடித்த அன்று வீட்டுக்காரர் ஒரு கோலிக்குண்டைத் தரையில் வைத்தார். அது நிதானமாக உருண்டு சமையலறைக்குள் போனது. மேஸ்திரி அதைப் பார்த்துக்கொண்டே நின்று, "சரி," என்றார். அவ்வளவையும் பெயர்த்து மறுபடி போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து சாந்துக் கரண்டியைக் கழுவி மாட்டினார். அப்புறம் எட்டு மாசம் பேசவில்லை. கோபமில்லை, சண்டையில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சாப்பிடுவார், போய்ச் சுவரைப் பார்த்து உட்காருவார். அந்த எட்டு மாசம் அவள் பயந்த மாதிரி ஆஸ்பத்திரியில்கூடப் பயந்ததில்லை. வேன் வந்த பிறகுதான் மனிதர் வாய் திறந்தார். அதனால் இப்போது சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை.

தப்பிக்க அவளுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. மலை ஏறத் தொடங்கிய அன்று மத்தியானம் மகளுக்குப் போன் செய்தாள். பிறகு மேஸ்திரியிடம், "நாளைக்கு ஒரு ஊர் வருதுல்ல, அங்கேருந்து நான் பஸ்ஸுல மக வீட்டுக்குப் போறேன். முதுகு வலிக்குது. நீங்க சுத்திட்டு வாங்க," என்றாள்.

மேஸ்திரி ஸ்டியரிங்கைப் பார்த்தபடி, "சரி," என்றார்.

அது அதே "சரி".

சாயங்காலம் மூடுபனி இறங்கிவிட்டது. மேற்கொண்டு ஓட்ட வழியில்லாமல் இடது ஓரம் வாய்க்காலை ஒட்டி வேனை நிறுத்தினார். வண்டி இடது பக்கம் சாய்ந்து நின்றது. அவர் பலகையோடு இறங்கினார். ஈரத்தில் பலகை நழுவிக்கொண்டே இருந்தது. நாலு முறை முயன்றுவிட்டு ஏறி வந்து, "இன்னிக்கு மட்டம் வராது. மன்னிச்சுக்க. ஒரு ராத்திரிதானே," என்றார்.

அவள் அலமாரியில் இருந்த டீயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டம்ளர் நகரவில்லை. டீ விளிம்போடு விளிம்பாக நின்றது.

அன்றைக்குத் தூங்கினாள். இருபத்தெட்டு வருஷத்துக்கும் சேர்த்துத் தூங்கினாள்.

விழித்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. மேஸ்திரி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், கையில் ரசமட்டம். கட்டில் ஓரம், அலமாரி, அடுப்பு மேடை என்று எல்லா இடத்திலும் அதை வைத்து எடுத்த தூசித் தடம் தெரிந்தது. பின்கதவு திறந்திருந்தது. அவள் பார்க்கப் பார்க்க, அவர் எழுந்துபோய் ரசமட்டத்தைப் படியில் வைத்தார். குமிழி ஒரு கோடிக்கு ஓடியது. எடுத்துக் கட்டில் சட்டத்தில் வைத்தார். நடுவில் வந்து நின்றது. பிறகு அதைத் துணியில் துடைத்துப் பையில் வைத்து, வண்டியைக் கிளப்பினார்.

நாற்பது கிலோமீட்டர் ஒரு வார்த்தை இல்லை. பள்ளத்தாக்கு வந்தது, பனி மூடிய சிகரம் வந்தது, அவள் எதையும் பார்க்கவில்லை. அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் பஸ் ஏறிவிட்டால் இந்த மனிதர் வேன் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார், சாப்பிடக் கூப்பிடக்கூட ஆள் இருக்காது என்று நினைத்தாள். பழையபடி கோணல் கட்டிலிலேயே நசுங்கிக் கிடந்திருக்கலாம் என்றும் தோன்றியது.

ஊர் வந்தது. பஸ் நிலையத்துக்கு எதிரே பெரிய சமதளமான மைதானம், வண்டிகள் நிறுத்துவதற்கென்றே விட்டது. மேஸ்திரி அதைத் தாண்டிப் போனார். சாலை ஓரத்தில் ஒரு வாய்க்கால் இருந்தது. முன்னே எடுத்து, பின்னே எடுத்து, தலையை வெளியே நீட்டிப் பார்த்துப் பார்த்து, இடது சக்கரம் இரண்டையும் அதில் இறக்கினார். கடைக்காரர் ஒருவர் ஓடி வந்து, "சார், வண்டி பள்ளத்துல இறங்குது," என்றார்.

"தெரியும்," என்றார் மேஸ்திரி. இறங்கி உள்ளே போய்க் கட்டிலில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். மறுபடி வந்து ஒரு சாண் முன்னே எடுத்தார். இன்னொரு முறை பார்த்துவிட்டு இன்ஜினை அணைத்தார்.

"பஸ் வர ஒரு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் கொஞ்சம் படு," என்றார்.

அவள் அவரையே பார்த்தாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"முதல் நாளே. டீ டம்ளர் நகர்ந்துச்சு."

அவர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கூடமே கோணல்தான்," என்றார். "ஆடினவளைச் சொல்லிப் புண்ணியமில்ல. அந்தச் சாக்கடைப் பக்கத்தை மேடாக்கித் தாங்கன்னு முனிசிபல் ஆபீசுக்கு ரெண்டு தடவை மனு எழுதினவன் நான். தெரு சரிஞ்சிருக்குன்னு எழுதினேன். எழுதிட்டு வந்து வேனுக்குள்ள உக்காந்து மட்டம் வெச்சிருக்கேன் பாரு. கட்டிலைப் பிரிச்சா ரெண்டு நாள் வேலை. அடுப்பு மேடைக்கு இன்னொரு நாள். அலமாரி வேற..."

அவர் பேசிக்கொண்டே போனார். பிசின் வகைகளைப் பற்றி, திருகாணிகளைப் பற்றி, சரிவாக நிறுத்தத் தோதான ஊர்களைப் பற்றி. நர்ஸம்மாவுக்குக் கண் கலங்கியது. போர்வையை இழுத்துக்கொண்டு படுத்தாள். அந்தப் பேச்சைக் கேட்டபடியே தூங்கிப்போனாள்.

எழுந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. மேஸ்திரி வாசல் படியில் உட்கார்ந்து, கடைக்காரரிடம் தரைக்கு மட்டம் பார்ப்பது எப்படி என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"பஸ் வந்துச்சா?" என்றாள்.

"மூணு வந்துச்சு," என்றார் அவர், திரும்பாமலே.