செரெல்டா சீமாட்டியின் பெருங்கொடை

கற்றுணர்ந்த பெருமக்களே, செவி சாய்த்தருள்க: முல்லைக்குத் தேர் ஈந்த நாளுக்குப் பின் இவ்வுலகம் கண்டிராத கொடை ஒன்று மெம்பிசு மாநகரில் நிகழ்ந்தேறியது. மிசிசிப்பிப் பேராறு பால் திரிந்த தேநீர்போல் அசைந்தொழுக, பருத்திக் கிடங்குகளின்மேல் வெயில் சாய, தேவாலயத் தொழுகை முடிந்த கறுப்பின மக்கள் இறகுத் தொப்பிகளும் கஞ்சியிட்ட கழுத்துப்பட்டைகளுமாய்த் திரண்டு நின்ற ஞாயிறு மாலையில், துணி வெளுத்தே தேய்ந்த முதிய மகளிர் பன்னிருவர்க்கென எழுப்பிய இளைப்பாறு மனையைச் செரெல்டா குரூம் சீமாட்டி திறந்துவைத்தார்.

அவரும் ஒருகாலத்தில் பிறர் அழுக்கை வெளுத்தவரே. பின்னர்ச் சவர்க்காரம் காய்ச்சி விற்று, ஏழு மாநிலங்களில் ஆலை நிறுவி, அந்நினைவையும் கறையின்றி வெளுத்துவிட்டார். வாயிலில் அவர் பெயர், விளக்குகளில் அவர் பெயர், எச்சில் துப்பும் கலத்திலும் அவர் பெயர்.

"இனிமே எந்த வெள்ளைக்காரி வீட்டு அழுக்குத் துணியையும் நீங்க தொட வேண்டாம்" என்று அவர் முழங்க, பாதிரியார் கண்ணீரைத் துடைத்தார். பின்பு, தாளிகைக்காரர் படம் எடுக்கத் தவறியதால், மீண்டும் ஒருமுறை துடைத்தார்.

முன்வரிசையில் இருந்த லுவீனியா டேட் தன் கைகளை மடியில் மறைத்திருந்தாள். ஐம்பதாண்டுத் திங்கட்கிழமைகள், அவ்வூரின் சலவை நாள்கள், காரநீரால் அவ்விரல்களை அரித்திருந்தன. இன்னும் ஒருமுறை நனைந்தால் வலக்கையை வெட்டத்தான் வேண்டும் என்றிருந்தார் மருத்துவர். இம்மனையை நம்பியே வாடகை அறையைக் கைவிட்டு, வெள்ளாவிக் கொப்பரையையும் விற்றுவிட்டு வந்திருந்தாள்.

"அக்கா, அந்தச் சீமாட்டி தொப்பியப் பாத்தியா? நாலு கோழி குடும்பம் நடத்தலாம்" என்றாள் அருகிருந்த டெக்சானா.

"நடத்தட்டும்டி. நமக்கு எடம் குடுத்திருக்காளே."

"குடுத்தா. ஆனா செவுரு பூரா அவ பேருதான். நம்ம பேரு எங்கயாச்சும் இருக்கா?"

லுவீனியாவுக்கும் அவ்வாசை இருந்தது. மேற்பார்வையாளப் பெண்ணை மெல்லக் கேட்டாள்: "எங்க பேரு ஒண்ணும் போடலியா தாயி?"

"போடாம இருப்போமா பெரியம்மா? கீழ நிலவறைல போயிப் பாருங்க. அம்மாவே நின்னு எழுத வச்சாங்க."

இருவரும் படியிறங்கினர். புத்தம்புதிய சலவைத் தொட்டிகள் பன்னிரண்டு, படையணிபோல் நின்றன. ஒவ்வொன்றிலும் பித்தளைத் தகடு பளபளத்தது. நான்காவதில் 'லுவீனியா டேட்' என்று பொறித்திருந்தது. அதன் பக்கத்தில் சீமாட்டியின் சவர்க்காரக் கட்டிகளும், அவர் வீட்டு விருந்தில் குழம்பு சிந்திய மேசைவிரிப்புகளும் மலையாய்க் குவிந்திருந்தன.

டெக்சானா நெடுநேரம் தகட்டைப் பார்த்தாள். "எழுத்துப் பிழை இல்லக்கா" என்றாள்.

மேலே கைதட்டல் அதிர்ந்தது. வள்ளன்மை வாழ்க என்று பாடகர் குழு விண்ணதிரப் பாடியது.

மறுநாள் திங்கட்கிழமை.