கலீல் பாய் கருப்பு வெள்ளையாக இருந்த காலம்

பெரிய கடை வீதியில் வளையல் கடை வைத்திருந்த கலீல் பாய் கருப்பு வெள்ளையாகிப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கையிலிருந்த டீ ஆறுவதற்குள். கட்டியிருந்த கைலி பச்சையாகவேதான் இருந்தது. ஆள் மட்டும் மாறினார். முகம் சாம்பல், உதடு இன்னும் கொஞ்சம் அடர்ந்த சாம்பல், வெற்றிலை போட்ட நாக்குகூட மழை மேகம் மாதிரி. சுற்றிலும் சிவப்பும் நீலமுமாக வளையல்கள் தொங்க, நடுவில் அவர் பழைய படத்திலிருந்து வெட்டி ஒட்டியதுபோல உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். அது வெங்காய விலை ஏறின வாரம், பேச வேறு விஷயமும் இருந்ததால் கலைந்து போனார்கள்.

காரணம் வீதி முழுக்கத் தெரிந்ததுதான். ஞாயிறு தோறும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மூன்று பேர் பழைய சினிமாவுக்காக அடித்துக்கொள்வார்கள். ஒருவர் பாய். இன்னொருவர் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து வரும் ரெங்கநாதன், ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர், நாமம் கலையாமல் நாள் பூராவும் கத்தக்கூடியவர். மூன்றாமவர் பெனடிக்ட், கல்யாண வீடுகளில் போட்டோ எடுத்தவர், எந்தப் படமானாலும் கதையை விட்டுவிட்டு வெளிச்சத்தை மட்டும் பார்ப்பவர். அவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு: அடுத்தவர் கட்சியை ஒப்புக்கொள்கிறவர் அன்றைக்குச் சர்க்கரை போடாத டீ குடிக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் டீக்கடைக்காரர் அந்தக் கடைக்கு ஒரு தடவைகூடச் சர்க்கரை இல்லாமல் போட்டதில்லை.

அன்றைக்கு ரெங்கநாதன், ஆற்றில் மஞ்சள் புடவை மிதந்து போகும் தனக்குப் பிடித்த படத்தைத் தூக்கிவைத்துப் பேசினார். பாயின் படத்தில் ஒரு பெண் ஜன்னலோரம் நின்று விளக்கை அணைப்பாள், அவ்வளவுதான். படங்களின் பெயர் இங்கே வேண்டாம், எழுதினால் மறுபடி ஆரம்பித்துவிடுவார்கள். "ஓய், அந்த மஞ்சளைக் கருப்பு வெள்ளையில காட்டச் சொல்லும் பார்ப்போம்" என்றார் ரெங்கநாதன். "கலர் வந்த அன்னிக்கே சினிமா மவுத்தாப் போச்சுய்யா. இனிமே ஒரு கலரும் எனக்கு வேணாம்" என்றார் பாய். சொன்னார், போய்விட்டது.

ஷார்ஜாவிலிருந்து மகள் சம்ரீன் வீடியோ காலில் வந்து, "அத்தா, அந்த ஃபில்டரை எடுங்க, மூஞ்சியே தெரியல" என்றாள். ஃபில்டர் இல்லை என்று புரிந்ததும் அழுதாள், பிறகு பழகிவிட்டாள். பாய்க்கு உள்ளூரப் பெருமைதான். வளையல் வாங்க வந்த பெண்கள் அவரோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பெனடிக்ட் வாரா வாரம் அவரை ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைத்து, கன்னத்தில் விழும் நிழலுக்கு உச்சுக்கொட்டினார். பாயின் மனைவி நஜ்முன்னிசா ஒருத்திதான் சண்டை பிடித்தாள். "இவரு கோவமா இருக்காரா, காய்ச்சலா இருக்காரான்னு மூஞ்சியப் பார்த்தே சொல்லிப்புடுவேன். இப்ப ஒண்ணுமே தெரியல. ஒரே ஒரு வார்த்தை, கலர் படமும் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லித் தொலைங்களேன்." பாய் வளையல்களில் தூசி தட்டப் போய்விட்டார்.

ரம்ஜானுக்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. உடம்பெல்லாம் அரிப்பு, சாயங்காலமானால் அசதி. டாக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், சாம்பல். நாக்கை நீட்டச் சொன்னார், சாம்பல். அல்சராக இருக்கும் என்று மாத்திரை எழுதினார். ஊசியில் எடுத்த ரத்தமும் ஈயம் மாதிரி வந்ததால், சாம்பிள் கெட்டுவிட்டது, மறுபடி வாருங்கள் என்று லேபில் சொல்லிவிட்டார்கள். பாய் போகவில்லை, ஞாயிற்றுக்கிழமை குறுக்கே வந்துவிட்டது. அன்றைக்கு அவர் முகத்தில் ஏதோ புதுசாக இருப்பதை நண்பர்கள் கவனித்தார்கள். அதைக் கவனித்த விதம்தான் சகிக்காது. "சாம்பல்ல ஒரு வெதுவெதுப்பு வந்திருக்கு பாத்தீங்களா? மாலை வெயில்ல எடுத்த ஷாட் மாதிரி" என்றார் பெனடிக்ட். ஸ்டூடியோவில் அந்த வெளிச்சம் சாத்தியமேயில்லை என்று ரெங்கநாதன் மறுத்தார். இரண்டு மணி நேரம் இதே பேச்சு. நடுவில் உட்கார்ந்து பாய் கையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு அவரால் கடைக்கு இறங்க முடியவில்லை. இரண்டு பேரும் மாடி வீட்டுக்கே போனார்கள். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்து ரெங்கநாதன் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினார். "கலீல், உம்ம படம்தான் ஒசத்தி. நான் தோத்தேன்னே வெச்சுக்கும். எழுந்து உட்காரும்." பாய் சிரித்தார். தன் படத்துக்காக இல்லாமல் தனக்காக ஒருவன் தோற்க வருவது அவருக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. வாசலில் டீ டம்ளர்களோடு நின்ற நஜ்முன்னிசாவைக் கூப்பிட்டார்.

"எனக்குச் சர்க்கரை போடாதே. அந்த மஞ்சப் புடவை... நல்லாத்தான் இருக்கும்."

கலர் கால்விரலில் ஆரம்பித்தது. "வந்துருச்சு, வந்துருச்சு" என்று நஜ்முன்னிசா தரையில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். முழங்கால், கை, கழுத்து என்று ஏறி முகத்துக்கு வந்து நின்றது. பாய் மஞ்சளாக இருந்தார். தோல் மஞ்சள், நகம் மஞ்சள், கண்ணின் வெள்ளை கொன்றைப்பூ மஞ்சள். மாதக்கணக்கில் ஏறியிருந்த காமாலை, பார்க்க ஒரு கலர் இல்லாமல் காத்திருந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர், இதைக் கொஞ்சம் முன்னாடியே கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று கேட்டார். புதன்கிழமை பாய் மவுத்தானார். நத்தர்வலி தர்கா பக்கம் அடக்கம் செய்தார்கள். பெனடிக்ட் கேமரா இல்லாமல் வந்திருந்தார்.

ரெங்கநாதன் அதற்கப்புறம் மஞ்சள் புடவைப் படத்தைப் பற்றிப் பேசுவதில்லை. டீக்கடையில் யாராவது ஆரம்பித்தால், ஜன்னலோரம் விளக்கை அணைக்கிற அந்தப் பெண்ணுக்கு ஈடு எதுவுமில்லை, கலரெல்லாம் வெறும் சாயம் என்று கத்துகிறார். ஆடி மாதம் ஒரு காலையில் அவர் மனைவி மைதிலி, நாமத்தின் நடுவில் இழுத்த சிவப்பு நெற்றியில் பட்டதும் சாம்பலாவதைப் பார்த்தாள். ஸ்ரீரங்கத்தில் அதைப் பெரிதுபடுத்தவில்லை, சந்நிதியில் தீர்த்தம் எப்போதும்போல் கிடைக்கிறது. கடையை இப்போது நஜ்முன்னிசா பார்த்துக்கொள்கிறாள். சாம்பல் முகத்தோடு ரெங்கநாதன் அந்தப் பக்கம் போனால், வளையல் அடுக்குவதை நிறுத்தாமலே ஒரே கேள்விதான் கேட்பாள்.

"இந்த மாசம் ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டீங்களாண்ணே?"