வெட்டிய மூலை

பிளாஸ்டிக் தட்டில் கத்தரி பட்ட மூலையைக் கட்டைவிரலால் தடவியபோது சுருக்கென்று குத்தியது. குத்தியிருக்கக் கூடாது. கையுறையைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை தடவிப் பார்த்தாள். சந்தேகமே இல்லை, விளிம்பு கூராகத்தான் இருந்தது.

பதினெட்டு வருடமாக அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு இதுதான் வேலை. ஒரு மெல்லிய தகட்டின் மேல் லேசரைப் பாய்ச்சுவார்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் தகடு கொதித்து, எலெக்ட்ரான்கள் கழன்று திரியும் பிளாஸ்மா ஆகிவிடும். அதற்குள் அயனிகளை விடுவார்கள். உள்ளே நுழைந்து மறுபக்கம் வருவதற்குள் அவை எவ்வளவு சக்தியைத் தொலைத்தன என்பதுதான் கேள்வி. பதிலை வாங்கிக்கொள்வது தீப்பெட்டி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதைச் சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் ஆறு மணி நேரம் ஊறப்போட்டால், அயனி விழுந்த இடமெல்லாம் குழியாகத் திறக்கும். களைத்து வந்ததற்குப் பெரிய குழி, தெம்போடு வந்ததற்குச் சின்னக் குழி. மைக்ரோஸ்கோப்பில் குழிகளை அளப்பவள் இவள். அதனால் கட்டிடம் முழுக்கக் 'குழியக்கா'.

ஒவ்வொரு சோதனைக்கும் இரண்டு தட்டு. சூடாக்காத தகட்டுக்கு ஒன்று, சூடாக்கியதற்கு ஒன்று. கரைசலில் போடும் முன்பே சூட்டுத் தட்டின் மூலையை வெட்டிவிட வேண்டும். இவளே வைத்த வழக்கம் அது. வெட்டிய விளிம்பைக் கரைசல் அரித்து மழுக்கிவிடும். மழுங்காமல் குத்துகிறதென்றால், ஊறி எடுத்த பிறகு இரண்டில் எதையோ ஒன்றை எடுத்து வெட்டியிருக்கிறாள்.

அந்தத் தட்டுகளை ஊறப்போட்டது அவள் வேலைக்குத் திரும்பிய நாள். புருஷன் போய் ஐந்தாம் நாள். காலையில் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தவர் அப்படியே சாய்ந்தார், அவ்வளவுதான். வீடு நிறைய ஆட்கள். தோளைப் பிடித்தார்கள், கட்டிக்கொண்டு அழுதார்கள். இவள் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். இப்போது ஒரு மாதம் ஆகிறது. அக்கா தினமும் போன் செய்கிறாள். இன்று மதியமும்.

"ஒரு சொட்டாவது விட்டியாடி?"

"வேலையா இருக்கேன்க்கா."

"கல்லா நீ? உள்ளயே வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?"

"சாப்பிட்டேன்க்கா. வச்சிடறேன்."

அந்த இரண்டு தட்டிலிருந்து வந்த கணக்கில் ஆய்வுக்கூடத் தலைவர் தரையில் நிற்கவில்லை. அவரைத் 'தாடி' என்பார்கள், முகத்துக்கு நேராகவே. பிளாஸ்மா அதிகமாகக் கொதிக்கும்போது மெதுவான அயனிகள் சக்தியைக் குறைவாகத்தான் இழக்கின்றன என்று ஐந்து வருடமாகச் சொல்லிவந்தவர். "பஸ் ஸ்டாண்டுல கூட்டம் சும்மா நின்னா, உரசி உரசியே நம்ம செருப்பு வரைக்கும் போயிடும்க்கா. அத்தன பேரும் தலைதெறிக்க ஓடினா? நம்மளப் பிடிச்சு நிறுத்த யாருக்கு நேரம்?" என்றார். எலெக்ட்ரான்களைச் சொன்னார். இவளுக்குத் தன் வீட்டுக் கூடம் ஞாபகம் வந்தது. அத்தனை கைகளுக்கு நடுவே ஒன்றும் குறையாமல் வந்துவிட்டாளே. அந்த முடிவை இரண்டாம் தடவை சரிபார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

தட்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு போனாள். கட்டுரையை அனுப்ப உட்கார்ந்திருந்தார் தாடி.

"சார், அனுப்பாதீங்க. தட்டு மாறியிருக்கலாம்."

"விளையாடாதீங்கக்கா."

"மூல குத்துது. ஊற வச்சு எடுத்தப்புறம்தான் வெட்டியிருக்கேன்."

அவர் வாங்கித் தடவினார். பிறகு, "இது குத்துதுன்னு உங்களத் தவிர யாருக்குத் தெரியும்?" என்றார். சொன்ன கையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இல்ல, விடுங்க. நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. மாறியிருந்தா எல்லாமே தலைகீழ், இல்லையா?"

"ஆமா சார்."

"அன்னைக்கு உங்கள யாரு வரச் சொன்னா?"

"வீட்ல டம்ளர் எல்லாம் கழுவி முடிச்சாச்சு சார்."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

வழி ஒன்று இருந்தது. தட்டுகளுக்கு முன்னால் அலுமினியத் தாள் ஒட்டியிருப்பார்கள். லேசர் பட்ட தகடு சிதறும்போது அதன் துணுக்குகள் தாளைத் துளைத்துப் பின்னாலிருக்கும் தட்டையும் கீறும். சூடாக்காத சோதனையில் சிதறல் கிடையாது. பழைய தாள்களை இவள் எறிவதில்லை. உறையைத் திறந்தாள். ஒரு தாள் சுத்தமாக இருந்தது. இன்னொன்று சல்லடை. சல்லடையின் துளைகள் எந்தத் தட்டின் கீறல்களோடு பொருந்துகின்றனவோ அதுதான் சூட்டுத் தட்டு.

மூலை வெட்டாத தட்டை விளக்குப் பெட்டி மேல் வைத்தாள். இதோடு பொருந்தினால் ஐந்து வருடம் போயிற்று. இடுக்கியால் தாளைத் தூக்கி மேலே கொண்டுபோனாள். துளைகள் வழியாக வெளிச்சம் புள்ளிபுள்ளியாக அவள் மணிக்கட்டில் விழுந்தது. தாள் நிற்கவில்லை, படபடத்தது.

"ஃபேன நிறுத்துங்கக்கா, தாள் ஆடுது."

"அப்பவே நிறுத்திட்டேன் சார்."

தாடி நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார். அது அசையாமல் நின்றது. இவள் மணிக்கட்டில் வெளிச்சப் புள்ளிகள் நடுங்கிக்கொண்டிருந்தன.