ரெண்டும் நல்லாருக்கு

நெடுஞ்செழியன் வாயைத் திறந்து "அரக்கு" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னான். பூங்காவனம் மெஸ்ஸில் முப்பது பேருக்கு வடித்த சோறு அநாதையாகிவிட்டது.

நடந்தது இதுதான். முகூர்த்தப் பட்டு எடுக்க வேன் போட்டுக்கொண்டு ஆரணிக்கு வரும் குடும்பம் மணவாளன் பட்டுக் கடையில் ஏறி உட்கார்ந்ததும், எதிரே பூங்காவனம் மெஸ்ஸில் உலை ஏறிவிடும். பெண் வீட்டார் ஒன்று சொல்வார்கள், மாப்பிள்ளை வீட்டார் வேறொன்று சொல்வார்கள், மதியச் சாப்பாடு வரைக்கும் முடிவு வராது. இந்த ஒரு நம்பிக்கையில்தான் மெஸ்ஸே நடந்துகொண்டிருந்தது. அன்றைக்குக் காபித் தட்டோடு கடைக்குள் போன நெடுஞ்செழியனைப் பார்த்துக் கல்யாணப் பெண்ணின் அம்மா, ஒரு பேச்சுக்குத்தான், "நீயே சொல்லு தம்பி, அரக்கா, பச்சையா?" என்றாள். ஆரணியில் பிறந்த யாராக இருந்தாலும் இதற்கு "ரெண்டும் நல்லாருக்குங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பார்கள். நெடுஞ்செழியனோ கலசப்பாக்கத்துப் பக்கம். போதாததற்குக் கேட்டரிங் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவன். 'வணிகப் புரிதலும் தலைமைப் பண்பும்' என்கிற பாடத்தில், 'தலைவன் தயங்க மாட்டான்' என்ற வரியை அந்த வாரம்தான் மனப்பாடம் செய்திருந்தான்.

தலைவன் தயங்கவில்லை. இரண்டு வீட்டாருக்கும் சண்டை அலுத்திருந்தது போலிருக்கிறது. அரக்கைச் சுருட்டிக்கொண்டு, காபி ஆறுவதற்குள் வேன் ஏறி, சேத்துப்பட்டு ரோட்டைப் பிடித்துவிட்டார்கள்.

மணவாளன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெஸ்ஸுக்கு ஓடி வந்தார். "இன்னா பூங்காவனம், ஆள் வச்சி என் பொழப்புல மண்ணள்ளிப் போடுறியா? குழம்பிகினு இருக்கிற பார்ட்டிதான் அத்தைக்கு ஒண்ணு, சித்திக்கு ஒண்ணுன்னு எடுக்கும். உன் ஆளு ஒத்தப் பொடவையில அனுப்பிட்டானே!"

"எனக்கு மட்டும் இன்னாவாம்? அண்டாவுல சோறு என்னப் பாத்து சிரிச்சிகினு கீது," என்றாள் பூங்காவனம்.

மறுநாள் தெருவே புளியோதரை சாப்பிட்டது.

பெரிய ஓட்டல் எதுவும் பதில் போடாததால் பயிற்சிக்கு இந்த மெஸ்ஸுக்கு வந்து சேர்ந்தவன் நெடுஞ்செழியன். "பையன் தேறிட்டான்" என்று பூங்காவனம் பேராசிரியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் மூன்றாம் ஆண்டு. சொல்லாவிட்டால் இரண்டாம் ஆண்டே இன்னொரு தடவை. அவன் அம்மா காத்தாயி நடவுக்குப் போய்ப் படிக்கவைக்கிறவள். இன்னொரு வருஷத்துக்குக் குனிய அவளிடம் இடுப்பு இல்லை.

"யக்கா, நான் தேறிடுவனா?"

"பாக்கலாம்."

பூங்காவனம் எல்லாவற்றுக்கும் 'பாக்கலாம்'தான். மெஸ் சுவரில் மாதிரிக்கென்று பூசிய நீலம், பச்சை, சந்தனம் என்ற மூன்று திட்டுகளும் பல பொங்கலைப் பார்த்துவிட்டன.

"இனிமே உன் வாயில ஒரே பேச்சுதான் வரணும். ரெண்டும் நல்லாருக்குங்க. வேற எதுனா வந்துச்சு, கரண்டியாலயே போடுவேன்."

நெடுஞ்செழியன் எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லாதவன். தப்பைக்கூட முழுசாகத்தான் செய்வான். சாம்பாரா ரசமா என்று கேட்டவர்களுக்கும் அதையே சொன்னான். "வெம்பாக்கம் பஸ்ஸு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று கேட்ட பெரியவரிடமும் சொன்னான். அவர் கொஞ்சம் யோசித்தார். திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போளூர் பஸ்ஸில் ஏறிப் போனார். சாப்பிட வந்த இடத்தில் சண்டை பிடித்த புருஷன் பெண்டாட்டி, யார் சொல்வது நியாயம் என்று அவனிடமே கேட்டார்கள். பதிலைக் கேட்டதும் சமாதானமாகி ஆளுக்கொரு வடை கூடுதலாக வாங்கிக்கொண்டார்கள். போனில் அம்மா, "சாப்ட்டியா இல்லியாடா?" என்றாள்.

"ரெண்டும் நல்லாருக்குங்க."

"உடம்பு கிடம்பு செரியில்லியாடா?"

அந்த நிலைமையில்தான் பேராசிரியர் கோபிநாத் வந்தார். டை கட்டியிருந்தார். மாணவனை ஆய்வு செய்யத்தான் வந்தார். கூடவே அக்கா மகளின் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வேன் நிறைய ஆட்களையும் கூட்டி வந்திருந்தார்.

கடையில் அக்கா கத்திரிப்பூ நிறம் என்றாள். அவர் மனைவி மயில்கழுத்து என்றாள். 'தலைவன் தயங்க மாட்டான்' என்று வகுப்பில் மேசையைத் தட்டியவர், தூணுக்குப் பின்னால் நின்று, அணைந்துகிடந்த போனை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். காபித் தட்டோடு வந்த நெடுஞ்செழியனைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாப்பா! இதையே உன் பரீட்சையா வச்சிக்கலாம். முடிவெடு. எது?"

இரண்டு பெண்களும் திரும்பினார்கள். கல்லாவிலிருந்து மணவாளன் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினார். தெருவுக்கு அந்தப் பக்கம் பூங்காவனம் கரண்டியோடு நின்றாள். ஒன்றைச் சொன்னால் சோறு போச்சு. இரண்டையும் சொன்னால் தலைமைப் பண்பு போச்சு. தட்டை வைக்க இடம் தேடினான். கல்யாணப் பெண் மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவள் வந்ததிலிருந்து அவளிடம் காபி வேண்டுமா என்றுகூட யாரும் கேட்டிருக்கவில்லை.

"உங்களுக்கு எந்தப் பொடவைங்க புடிச்சிருக்கு?"

அவள் நிமிர்ந்தாள். "மேல் தட்டுல கீறதெல்லாம் எறக்கச் சொல்லுங்களேன். எல்லாத்தையும் பாத்துட்டு சொல்றேன்."

மணவாளன் தானே ஏணியில் ஏறினார்.

மதியம் மெஸ்ஸில் இலை விழுந்தது. சாயங்காலம் தோசைக்கல் காய்ந்தது. அத்தைக்கு ஒன்று, சித்திக்கு ஒன்று, கோபிநாத்துக்கே ஒரு பட்டு வேட்டி. தோசை மாவு வழித்தெடுக்கும் நேரத்தில் பெண் ஒரு புடவையைத் தொட்டாள். அரக்கு.

கை கழுவிவிட்டு வந்த கோபிநாத், "பையன் எப்படிம்மா? தேறுவானா?" என்றார்.

"பாக்க..."

"யக்கா!" நெடுஞ்செழியன் தோசைத் திருப்பியோடு குறுக்கே வந்து நின்றான். "எங்கம்மா நடவுல நின்னுகினு கீது. தேறிட்டன்னா தேறிட்டன்னு சொல்லு, இல்லன்னா இல்லன்னு சொல்லு. ரெண்டும் நல்லாருக்குன்னு மட்டும் சொல்லாத, உனக்குப் புண்ணியமாப் போவும்."

பூங்காவனம் அவனைப் பார்த்தாள். காலியான மாவுப் பாத்திரத்தைப் பார்த்தாள். சுவரில் இருந்த மூன்று திட்டுகளையும் பார்த்தாள்.

"தேறிட்டடா," என்றாள். "நாளைக்கு சுவுத்துக்குப் பச்சையே அடிச்சிடு."