நூற்று நாற்பத்தேழாவது பெயர்

அசரியா செத்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. ஆனாலும் தினமும் காலை பதினொன்றேகால் மணிக்கு அவன் ஞானஜோதியிடம் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

உடனே வேப்பிலையும் எலுமிச்சம்பழமும் தேடிக்கொண்டு யாரும் கிளம்பிவிட வேண்டாம். கேள்வி கம்ப்யூட்டர் திரையில்தான் வந்தது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து, ஆங்கில எழுத்தில் நம்ம ஊர்ப் பேச்சு: ‘ஞானா, என்ன குரூப்?’ முதல் நாள் அதைப் பார்த்து அவள் போட்ட கூச்சலில், கீழே சைக்கிள் கடையில் பங்க்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் படியேறி வந்துவிட்டார்.

கிழக்குத் தாம்பரத்தில் அந்த சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் இருந்தது ஜெயவேலு நடத்திய கம்ப்யூட்டர் கம்பெனி. தொண்ணூற்றாறாம் வருஷம். ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ரத்த வங்கிக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார்கள். நோயாளியின் பெயரையும் ரத்தப் பிரிவையும் தட்டினால், ரத்தப் பையில் ஒட்டுகிற லேபிள் வரும். லேபிளில் தப்பு வந்தால் ஆள் காலி, அவ்வளவுதான். புரோகிராம் எழுதியவன் சிட்டிபாபு. அதில் தப்பு இருக்கிறதா என்று சோதிக்கிறவள் ஞானஜோதி.

சோதிப்பது என்றால் ஏதோ பெரிய வித்தை என்று நினைக்கக்கூடாது. இருநூறு கற்பனை நோயாளிகளை ஒவ்வொருவராக உள்ளே தட்ட வேண்டும், இருநூறு லேபிளையும் திரையில் பார்க்க வேண்டும். சிட்டிபாபு ஒரு வரியை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து இருநூறு. விரல் வீங்கிப்போய் அவள் ஒருநாள் அழுதேவிட்டாள். அதைப் பார்த்துத்தான் அதே ஆபீஸில் வேலை பார்த்த அசரியா ஒரு குட்டிப் புரோகிராமை எழுதிக் கொடுத்தான். அவனும் அவளும் ஒரே இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்து கம்ப்யூட்டர் படித்தவர்கள். அவள் தட்ட வேண்டியதையெல்லாம் குட்டி தானே தட்டிவிடும். ஒவ்வொரு லேபிள் வந்ததும் நின்று ‘பாத்தியா?’ என்று கேட்கும். பார்த்துவிட்டு Y சாவியை அமுக்கினால் அடுத்த ஆளுக்குப் போகும்.

“தட்டுறதுக்கு மிஷின் போதும் ஞானா. பாக்கறதுக்குத்தான் மனுஷன் வேணும்” என்றான் அசரியா.

பெயர்களையும் அவனே சேர்த்தான். ராமு, சோமு என்று போட்டால் ஒரு தப்பும் மாட்டாது, நிஜப் பெயர் வேண்டும் என்று பார்க்கிறவரிடமெல்லாம் பெயர் கேட்டான். “உங்கம்மா பேரு என்ன?” என்று ஞானஜோதியைக் கேட்டான். அபிதகுஜாம்பாள் என்றதும் கைதட்டிச் சிரித்தான். “அடேயப்பா! இது ஒண்ணு போதும், சிட்டிபாபு கதறிடுவான்.”

ஆக, கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அப்புறம் ஞானஜோதி செய்ததுதான் செய்யக்கூடாத காரியம். இருநூறு தடவை Y அமுக்குவதும் அலுத்துப்போயிற்று. அசரியா தன் பழைய சீசன் டிக்கெட்டுகளை மேஜை டிராயரில் போட்டு வைப்பான். பல்லாவரம்–தாம்பரம் என்று அச்சடித்தது. அதில் ஒன்றை எடுத்து நாலாக மடித்து, Y சாவி மேலே எழும்பாதபடி பக்கத்துச் சாவியின் இடுக்கில் செருகினாள். அவ்வளவுதான், குட்டி கேட்கும், சாவி பதில் சொல்லும், இருநூறும் பத்து நிமிஷத்தில் முடியும். அவள் வாரப்பத்திரிகை படித்துக்கொண்டிருப்பாள். கடைசியில் ‘இருநூறுக்கு இருநூறு சரி’ என்று எழுதி ஜெயவேலுவிடம் கொடுப்பாள். ஒரு மாதம் இப்படியே ஓடியது. யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்தாள்.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், இரும்புலியூர் பக்கத்துத் தண்டவாளத்தைத் தாண்டும்போது அசரியா மின்சார ரயிலில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தான்.

அவன் வீடு பல்லாவரத்தில். ஆபீஸ் முடிந்தால் நேரே ஸ்டேஷன், நேரே வீடு. அதற்கு நேர் எதிர்த் திசையில் அவனுக்கு என்ன வேலை? அவன் அப்பா கல்லறைத் தோட்டத்தில் இதையேதான் கேட்டு அழுதார். இரும்புலியூரில் இருந்த ஞானஜோதியின் அம்மா தினமும் சோறு போடும்போது கேட்பாள், “அந்தப் புள்ள ஏன்டி நம்ம பக்கம் வந்தான்?” ஞானஜோதி தட்டைப் பார்த்துச் சாப்பிடுவாள்.

அடுத்த திங்கட்கிழமைதான் ஆபீஸ் திறந்தார்கள். குட்டியை ஓட்டினாள். நூற்று நாற்பத்தாறு வரை விறுவிறு என்று போயிற்று. நூற்று நாற்பத்தேழில் நின்றது. எப்போதும் கேட்கிற ‘பாத்தியா?’ இல்லை. ‘ஞானா, என்ன குரூப்?’ சீசன் டிக்கெட் செருகிய சாவி Y, Y என்று பதில் சொல்லிப் பார்த்தது. குட்டி அசையவில்லை.

மறுநாளும் அதே இடம், அதே கேள்வி. அதற்கு மறுநாளும்.

“அக்கா, அவன் ஏதோ லைன் போட்டு வச்சிருக்கான். தூக்கிடவா?” என்றான் சிட்டிபாபு.

“கை வைக்காதே!” என்று அவள் கத்திய கத்தில் அவன் வாயை மூடிக்கொண்டு போய்விட்டான்.

ஏன் கத்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பயம், வேறென்ன. பட்டப்பகலில், விளக்கெல்லாம் எரிகிற அறையில், ஏசியின் குளிரிலும் முதுகு வேர்த்தது. செத்தவன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான், அவன் டிக்கெட்டைத்தான் அவள் சாவிக்கு முட்டுக் கொடுத்திருக்கிறாள். பதினொன்றேகால் ஆனால், தூசு படாமல் மூடி வைக்கிற பிளாஸ்டிக் உறையை எடுத்துத் திரைமேல் போர்த்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு குட்டியை நிறுத்துவாள். ‘இருநூறுக்கு இருநூறு சரி’ என்று எழுதுவாள். பாவி, அப்போதும் அதைத்தான் எழுதினாள்.

இருபத்திரண்டாம் நாள் மூன்றரை மணிக்கு ஜெயவேலு ஒரு தாளை மேஜையில் வைத்தார்.

“நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்காரங்க வராங்கம்மா. நாளைலேந்து அங்க இதான் ஓடப்போவுது. ஒரு கையெழுத்து போட்டுடு.”

‘எல்லா லேபிளையும் என் கண்ணால் பார்த்தேன்’ என்று அதில் அடித்திருந்தது. பேனாவை எடுத்தாள். திரும்பித் திரையைப் பார்த்தாள். அன்றைக்கு உறையைப் போர்த்தியதோடு சரி, குட்டியை இன்னும் நிறுத்தியிருக்கவில்லை; பிளாஸ்டிக் உறைக்குள்ளே பச்சையாக அந்தக் கேள்வி மங்கித் தெரிந்தது. வருகிறது வரட்டும் என்று உறையை இழுத்துக் கீழே போட்டாள்.

அம்மாவின் பெயர் இருந்தது. இனிஷியலோடும் இரும்புலியூரோடும் சேர்த்து நீளமாக, லேபிளின் ஒரு வரி முழுவதையும் அடைத்துக்கொண்டு. உள்ளே கொடுத்த ரத்தப் பிரிவு ஓ நெகட்டிவ். லேபிளில் வந்திருந்தது ஓ பாசிட்டிவ்.

இரண்டு தடவை பார்த்தாள், மூன்றாம் தடவையும் பார்த்தாள். பெயர் நீண்டுபோனதால் ரத்தப் பிரிவு ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, நெகட்டிவ் என்று காட்டும் அந்தச் சின்னக் கோடு லேபிளுக்கு வெளியே விழுந்துவிட்டது. கோடு இல்லாவிட்டால் பாசிட்டிவ் என்று எடுத்துக்கொள்ளும்படி சிட்டிபாபு எழுதியிருந்தான். நாளைக்கு நீளமான பெயரோடு ஒருத்தி பிரசவத்துக்குப் படுத்தால் போதும். “ஐயோ அம்மா” என்று வாய்விட்டுச் சொன்னாள்.

குட்டியின் பக்கத்திலேயே ஒரு குறிப்புக் கோப்பு இருந்தது. யார், எப்போது, எத்தனை விநாடி பார்த்தார்கள் என்று குட்டி தானே எழுதி வைக்கும் என்று அசரியா எப்போதோ சொன்னது நினைவு வந்தது. அவள் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. இப்போது திறந்தாள்.

ஞானா, ஒரு விநாடிகூட இல்லை. ஞானா, ஒரு விநாடிகூட இல்லை. பக்கம் பக்கமாக அதுதான். ஆனால் ஒவ்வொரு நாளும் அதற்குக் கீழே, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், இன்னொரு இருநூறு வரி இருந்தது. அசரியா, நாலு விநாடி. அசரியா, ஏழு விநாடி. அசரியா, ஐந்து.

அவனுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. யாரிடமும் மூச்சு விடாமல், அவள் வீட்டுக்குப் போன பிறகு உட்கார்ந்து, அவள் பார்க்காத இருநூறையும் அவன் பார்த்திருக்கிறான். ஒரு மாதம். கடைசி வியாழக்கிழமை, சிட்டிபாபு லேபிள் வரியை மாற்றிய அன்று, நூற்று நாற்பத்தேழில் மூன்று நிமிஷம் என்று இருந்தது. அதற்குப் பிறகு அவன் பெயரே இல்லை.

பிறகு குட்டிப் புரோகிராமையே திறந்தாள். அந்தக் கேள்வி வருகிற இடத்தில், கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாத குறிப்பாக, தனக்குத்தானே எழுதி வைத்திருந்தான்: ‘இந்தத் தப்போட காலைல எல்லாம் சரின்னு எழுதிக் கொடுத்துட்டா அவ வேலை போயிடும். இன்னிக்கே ஞானா வீட்டுக்குப் போய்ச் சொல்லிடணும். மத்தவங்களுக்குத் தெரிய வேணாம்.’

அந்தப் பக்கம் அவனுக்கு இருந்த வேலை அதுதான்.

ஜெயவேலு உள்ளே வந்தார். “இன்னாம்மா, போட்டியா? அவுங்க கீழ வந்துகினு கீறாங்க.”

“லேபிள்ல தப்பு இருக்கு சார். நெகட்டிவை பாசிட்டிவ்னு காட்டுது.”

அவர் குனிந்து பார்த்தார். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். “யப்பா, கடசி நேரத்துல புடிச்சியே தாயி! நீ மட்டும் இல்லைன்னா...”

தலையை ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும். அவளுக்கு அது நன்றாகவே தெரியும். சாவியின் இடுக்கிலிருந்து சீசன் டிக்கெட்டைப் பிடுங்கி அவர் முன்னால் வைத்தாள்.

“நான் புடிக்கலை சார். அசரியா புடிச்சார். நான் ஒரு மாசமா ஒண்ணையும் பார்க்கவே இல்லை. இதைச் செருகிட்டு புக் படிச்சேன். அவர் அதைச் சொல்றதுக்குத்தான் எங்க வீட்டுக்கு வந்திருக்கார். எங்கம்மா தினம் கேக்கறாங்க சார், ஏன் வந்தான், ஏன் வந்தான்னு. என்னாலதான் சார்.”

ஜெயவேலு டிக்கெட்டைப் பிரித்துப் பார்த்தார். எழுந்து கதவு வரைக்கும் போனவர் திரும்பாமலே சொன்னார். “அவுங்கள இன்னொரு நாளிக்கி வரச் சொல்றேன். உன்ன இன்னா பண்றதுன்னு நாளிக்கி பேசிக்கலாம். இப்ப குந்தி, மொதல்லேந்து எல்லாத்தையும் கண்ணால பாரு.”

பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலால் அமுக்கி, ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தாள். நூற்று நாற்பத்தேழில் ‘ஞானா, என்ன குரூப்?’ என்று வந்தது. உள்ளே கொடுத்தது எதுவோ அதைத் தட்டினாள். ஓ நெகட்டிவ்.

திரையில் புதிதாக ஒரு வரி வந்தது. இருபத்திரண்டு நாளாக அவளுக்காக அங்கே காத்திருந்த வரி.

‘அப்பாடா, பாத்துட்டே. இனிமே நிம்மதியா வீட்டுக்குப் போ.’

மேஜையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். பிறகு மீதி ஐம்பத்து மூன்றையும் பார்த்து முடித்தாள்.

ஐந்தரை மணி வெயிலில் நடந்தாள். அவள் வீட்டுக்குப் போகிற வழியும் அந்தத் தண்டவாளத்தைத் தாண்டித்தான். ஜனங்கள் பையும் கூடையுமாகக் கடந்துபோய்க்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். பாதை காலியாகத்தான் இருந்தது. காலை எடுத்து வைக்கப் போனால், காதோரமாக, ‘பாத்தியா?’

மறுபடி பார்த்தாள். ஒரு வண்டி வந்து போயிற்று, பின்னாலேயே இன்னொன்றும் போயிற்று. ஞானஜோதி சரளைக்கல் ஓரத்தில் நின்று இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.