மஞ்சள் தடவிய உறை

அனுபவச் சான்றிதழ் கேட்டு வந்தவளைத் திருடி என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? விஜயஸ்ரீக்கு எரிந்தது. மறுநாள் காலை அம்பாசமுத்திரத்தில் வேலைக்கு இன்டர்வியூ. அந்த ஒரு தாள் இல்லாமல் போவதும் ஒன்று, போகாமல் இருப்பதும் ஒன்று.

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் கம்ப்யூட்டர் பார்த்தவள் அவள். கல்யாணம் என்றதுமே, இனி லீவு லீவு என்று வந்து நிற்பாய் என்று மேனேஜர் ஆவுடைநாயகம் அவளை நிறுத்திவிட்டார். நாலு மாதம் கழித்து, புதிதாக வந்த பெண்ணை சர்வரில் சேர்க்க அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்ட் வேண்டியிருந்தது. ஒருவருக்கும் தெரியவில்லை. மதுரையிலிருந்து வந்த எஞ்சினியர் சுந்தர் இரண்டு நாள் தலைகீழாக நின்றும் ஆகவில்லை. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடலாம், ஆனால் நோயாளிகளின் பழைய விவரம் மொத்தமும் போய்விடும் என்று கையை விரித்துவிட்டார். அந்த நேரத்தில்தான் அவள் சான்றிதழ் கேட்டுப் போய் நின்றாள்.

"பாஸ்வேர்டத் திருடிட்டுப் போயிருக்கா. சொல்லுத வரைக்கும் சான்றிதழ் கெடையாது," என்றார் ஆவுடைநாயகம், அவள் அங்கே இல்லாதது போல சுந்தரைப் பார்த்து.

"கடைசி நாளே உங்க கையில குடுத்தேன் சார். கல்யாணப் பத்திரிகைக்குள்ள."

நாலு பேர் பார்க்கத் தனி உறை நீட்டினால் ஊர் வாய் சும்மா இருக்காது என்று, சீட்டில் எழுதிப் பத்திரிகைக்குள் வைத்து, உள்ளே முக்கியமான சீட்டு இருக்கிறது, பிரித்துப் பாருங்கள் என்று சொல்லித்தான் கொடுத்திருந்தாள். அவர் அன்று தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"இங்க வேல பாக்குத பிள்ளையளோட கல்யாணத்துக்கு நான் போறதில்ல. பின்ன எதுக்குப் பிரிக்க?"

சொல்லக் கொஞ்சமும் கூசவில்லை அந்த மனிதருக்கு. சுவரில் பழைய பில்களைக் குத்திவைக்கும் கம்பி தொங்கியது. அவள் யாரையும் கேட்காமல் ஒவ்வொன்றாக உருவினாள். நடுவில், நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய உறை, ஒட்டியது ஒட்டியபடி. மேலே அச்சடித்த பிள்ளையாரின் வயிற்றிலேயே கம்பி ஏறியிருந்தது. அவள் உறையைக் கிழித்து, உள்ளிருந்த சீட்டை எடுத்து நீட்டினாள்.

சீட்டைப் பார்த்து சுந்தர் தட்டினார். சர்வர் திறந்துகொண்டது.

ஆவுடைநாயகம் இப்போது மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்திரிகையை எடுத்து, மாப்பிள்ளைக்கு எந்த ஊர் என்று விசாரித்தார். அவள் அதை அவர் கையிலிருந்து வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

"சான்றிதழ எழுதுங்க சார். நேர்மையானவர்னு ஒரு வரி போடுவீயள்லா, அத விட்டுராதிய."

அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கிற வரை அவள் உட்காரவில்லை.