செல்லாச்சி என்ன விலை?

கடலுக்கு விஸ்வலிங்கம் சொன்ன விலை ஒரு லட்சத்து இருபதாயிரம் ரிங்கிட். படகு அதோடு இலவசம் என்றார்.

"காலமை எழும்பி ஜன்னலைத் திறந்தால் பங்கோர்த் தீவு. மனம் வைத்தால் அடுத்த கிழமை லங்காவி. இதுக்கு ஆரால விலை போட ஏலும், சொல்லுங்கோ? நான் போட்டிருக்கிறன். ஒன்று இருபது."

கடலுக்கே விலை போடுகிறவரிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது ஆசியாவுக்குப் பிறந்த வீட்டுப் பாடம். வாங்குகிறவன் கண் சிரித்தால் விலை சிரிக்காது என்பார், ஜவுளிக்கடை வைத்திருந்த அவள் வாப்பா. இங்கே அவள் புருஷன் முகம்மது கௌஸுக்குக் கண் மட்டுமல்ல, பல், வழுக்கை, மூக்குக்கண்ணாடி எல்லாமே சிரித்துக்கொண்டிருந்தன.

லுமுட் படகுத்துறையில், ஈப்போவில் ஒரு வீட்டுக் கூடம் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்தில் மிதந்துகொண்டிருந்தது அந்தப் பாய்மரப் படகு. வயது நாற்பத்தைந்து. பக்கவாட்டில் நீலத்தில் 'செல்லாச்சி' என்று எழுதியிருந்தது.

"செல்லாச்சி யாருண்ணே?" என்றார் கௌஸ்.

"என்ர மனிசி. இதில ஒருநாளும் கால் வைத்ததில்லை."

ஆண்கள் இருவரும் சிரித்தார்கள். ஆசியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் பெயர் எழுதிய படகில் ஏறாத அந்த மனைவியிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வந்திருக்கலாம் என்று பட்டது.

படகில் குடியிருக்கலாம் என்று முதலில் சொன்னதே ஆசியாதான். ஈப்போவில் இருபத்தாறு வருடம் பழைய மரச்சாமான் கடை. ஊரார் கழித்த அலமாரி, கட்டில், நாற்காலி எல்லாவற்றையும் வாங்கி, துடைத்து, விற்று, கடைசியில் அவளுக்குச் சாமான் என்றாலே அலுத்துவிட்டது. ஒரு அறையில் அடங்குகிற வாழ்க்கை வேண்டும் என்றாள். கௌஸுக்கு அந்த ஆசை அவளைவிட வேகமாகப் பற்றிக்கொண்டது. கடையை மூடினார்கள். வீட்டை மூன்று லட்சத்துப் பத்தாயிரத்துக்கு விற்றார்கள். மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்தாக வேண்டும். தஞ்சோங் மாலிம் கார்த் தொழிற்சாலையில் வேலை செய்யும் மகள் அமீரா, "உம்மா, உங்க ரெண்டு பேருக்கும் கிறுக்கு" என்று போனை வைத்துவிட்டாள். இனி கையில் இருப்பது வீடு விற்ற பணம்தான். தப்பான படகில் போட்டால் கரையிலும் வீடு இல்லை, தண்ணீரிலும் இல்லை.

இது அவர்கள் பார்க்கும் நான்காவது படகு. ஆசியா உள்ளே இறங்கினாள். சற்று முன் விஸ்வலிங்கமே விளக்கியிருந்தார்: பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிப்பது எஃகுக் கம்பிகள், கம்பிகளின் அடியைப் பிடிப்பது இந்த எஃகுப் பட்டை, பட்டையைத் தாங்குவது உள்ளே இருக்கும் இந்தக் குறுக்குப் பலகை. மற்றவையெல்லாம் அலங்காரம்.

அந்தக் குறுக்குப் பலகையின் முன்னால் மெத்தை சாத்தியிருந்தது. ஆசியா மெத்தையை விலக்கினாள். படகு முழுக்க மரத்தின் நிறம் நாற்பத்தைந்து வயது. இந்த ஒரு இடத்தில் மட்டும் இரண்டு மாதக் குழந்தை. புதிதாக மெல்லிய மரத்தகடு ஒட்டி மெருகேற்றியிருந்தார்கள். வீட்டுச் சாவியை எடுத்து, பட்டையின் ஓரத்தில் அழுத்தினாள். குழைந்த சோற்றில் விரல் போவதுபோல் சாவி உள்ளே போனது. வெளியே இழுத்தபோது நனைந்த கோணிச்சாக்கின் நாற்றம் வந்தது.

நடுக்கடலில் ஒரு காற்று அடித்தால் போதும். பாய்மரம் கௌஸின் வழுக்கை மேல்தான் விழும்.

மேலே ஏறி வந்து நேராகச் சொன்னாள்: "மச்சான், பலக உளுத்துப் போயிருக்கு. வேணாம்."

கௌஸ் அவளைப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு மின்னல். பெருமை. 'சபாஷ், ஆரம்பிச்சிட்டியா' என்கிற பெருமை.

அப்போதுதான், தான் சொன்னது அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று ஆசியாவுக்கு உறைத்தது.

இருபத்தாறு வருடமாக அவர்கள் வியாபாரமே இப்படித்தான். பத்து காஜா ஊர்ப் பக்கம் பழைய ரப்பர் தோட்டத்துத் துரை பங்களாவில் தேக்கு அலமாரி விலைக்கு வரும். கௌஸ் ஆசைப்படுவார். ஆசியா மூக்கைச் சுளிப்பாள். "உளுத்துப் போயிருக்கு, வேணாம்" என்பாள். புருஷன் கெஞ்ச, பெண்டாட்டி மிஞ்ச, விற்பவன் பயந்துபோய் விலையை இறக்குவான். அந்த அலமாரியில் ஒரு பூச்சிகூட இருக்காது. உளுக்காத மரத்தையெல்லாம் உளுத்தது என்று சொல்லியே ஒரு வீடு கட்டினார்கள்.

"பாத்தீங்களாண்ணே," என்றார் கௌஸ், சோக முகத்தோடு. "வீட்டம்மாவுக்குப் பிடிக்கலலா. நான் என்னா செய்ய?"

விஸ்வலிங்கம் தாடையைத் தடவினார். "ஒரு லட்சத்து ஐயாயிரம்."

ஆசியா கௌஸின் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். படகில் ஓரம் என்பது நாலடி. காதருகே குசுகுசுத்தாள்: "நெசமாவே உளுத்திருக்கு. எறங்கி வந்து பாருங்க. இது நமக்கு வேணாம்."

"பாத்தாச்சுலா, பாத்தாச்சு," என்று அவரும் குசுகுசுத்து, ஒரு கண்ணைச் சிமிட்டினார். இழுத்துக்கொண்டு போய்க் குசுகுசுப்பதும் நாடகத்தின் இரண்டாம் காட்சிதான். அந்தக் காட்சியில் கௌஸ் போய்ப் பொருளைப் பார்க்கக் கூடாது என்பது அவளே போட்ட விதி.

"தொண்ணூற்றைந்து," என்றார் விஸ்வலிங்கம், கேட்காமலே.

இவ்வளவு வேகமாக இறங்குகிறவர் எதற்கோ பயப்படுகிறார். அது கௌஸுக்குத் தெரியாததல்ல. ஆனால் காதலிக்கிறவனுக்கு எதுதான் தெரியும்?

அவள் படகிலிருந்து குதித்து மரப்பாலத்தில் விறுவிறுவென்று நடந்தாள். நடந்துகொண்டே அவருக்குப் போன் அடித்தாள். தனியாகப் பேசினால் புரியும் என்று நினைத்தாள்.

"அலோ! யாரு, அர்ச்சுனனா?" கௌஸின் குரல் போனிலும் கேட்டது, காற்றிலும் கேட்டது. "என்னாது, கெடாவுல வேற படகா? அம்பதாயிரமா?"

"மச்சான், நான் ஆசியா. வேணாம். கேக்குதா? வேணாம்!"

"சரி சரி, அர்ச்சுனன். யோசிச்சுச் சொல்றேன்." வைத்துவிட்டார். மூன்றாம் காட்சி இந்தப் பொய்ப் போன். அதற்குக் கமுந்திங்கில் ஒரு சாப்பாட்டு மேசை வாங்கியபோது கை தட்டாத குறை.

திரும்பிப் பார்த்தாள். விஸ்வலிங்கம் கையை விரித்து ஏதோ சொல்ல, கௌஸ் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"எம்பத்தஞ்சுலா!" என்றார் கௌஸ். கைப்பேசியில் வங்கிப் பக்கம் திறந்திருந்தது. "பாதிப் பணம் இப்ப, மீதி பேரு மாத்துறப்ப. போட்டா திரும்ப வராதாம். அண்ணே, கணக்கு நம்பர் சொல்லுங்க."

விஸ்வலிங்கம் எண்களைச் சொல்ல ஆரம்பித்தார்.

"இது வெளையாட்டு இல்ல," என்றாள் ஆசியா. "நெசமாத்தான் சொல்றேன். வேணாம்."

"போதும்லா, வெல எறங்கிடுச்சு," என்று கௌஸ் மெல்லச் சிரித்தார். அவருடைய கட்டைவிரல் எண்களைத் தட்டிக்கொண்டிருந்தது.

'இது விளையாட்டு இல்லை' என்பதையும் அவள் ஒரு கட்டிலுக்காகச் செலவழித்திருந்தாள். கோபம், அழுகை, பட்டினி கிடப்பேன் என்ற மிரட்டல், எல்லாவற்றையும் ஏதாவது ஒரு மேசைக்கோ நாற்காலிக்கோ விற்றாயிற்று. புருஷனிடம் உண்மை சொல்ல ஒரு வார்த்தைகூட மிச்சமில்லை. விஸ்வலிங்கம் கடைசி எண்ணுக்கு வந்துவிட்டார்.

தான் வாழ்க்கையில் ஒருதரம்கூடச் சொல்லாதது எது என்று தேடினாள். ஒன்று இருந்தது.

"மச்சான். அண்ணே மொதல்ல கேட்ட வெலயவே குடுத்துருங்க. ஒன்னு இருவது. கொறைக்க வேணாம்."

கட்டைவிரல் நின்றது.

தண்ணீர் படகின் அடியில் களக் களக் என்று மோதியது. கௌஸ் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். சிரிப்பு பல்லிலிருந்து போனது, கண்ணிலிருந்து போனது, கடைசியில் வழுக்கையிலிருந்தும் போனது. ஜவுளிக்கடைக்காரர் மகள், கேட்ட விலையைக் கொடுக்கச் சொல்கிறாள். மையத்து வீட்டில்கூட, சவத்துக்குப் போர்த்தும் கபன் துணிக்குப் பேரம் பேசியவள்.

கைப்பேசியைப் பைக்குள் போட்டார். கீழே இறங்கினார். மெத்தை விழும் சத்தம்.

மேலே விஸ்வலிங்கம் ஆசியாவின் முகத்தைப் பார்க்காமல் தீவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓம் தங்கச்சி, தெரியும்," என்றார் மெதுவாக. "பட்டறைக்காரன் தொண்ணூறாயிரம் கேட்டவன். கம்பி, பட்டை, பலகை, எல்லாம் சேர்த்து. என்னட்ட எங்க காசு? தகட்டை ஒட்டினன்."

"ஒட்டுனவரு எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்லண்ணே? நாங்க ரெண்டு பேரும் இதுலதான் படுத்து எந்திரிக்கணும்."

கௌஸ் மேலே வந்தார். விரல் நுனியில் கறுப்பாக ஈரத் தூள். அதை விஸ்வலிங்கத்தின் கண் முன் காட்டினார். திட்டப் போகிறார் என்று ஆசியா நினைத்தாள். அவர் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, "வா, போலாம்," என்றார்.

இருவரும் பாலத்தில் நடந்தார்கள். பின்னாலிருந்து குரல் வந்தது. "அறுபது!" நடந்தார்கள். "ஐம்பது!" நடையை வியாபாரம் என்று நினைத்து விலை ஓடி வந்தது. "முப்பத்தைந்து! கடைசி!"

கௌஸின் கால் தயங்கியது. பழக்கம். ஆசியாவின் காலும் தயங்கியது, அதுவும் பழக்கம்தான். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, நடந்தார்கள்.

கௌஸ் காரை ஈப்போப் பக்கம் ஓட்டினார், சித்தியவான் ஊர் தாண்டியது. பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே, "கணக்குச் சொல்லு," என்றார்.

"படகு முப்பத்தஞ்சு. ரிப்பேரு தொண்ணூறு. ஆக ஒன்னு இருவத்தஞ்சு. வீட்டுக் காசுல அது போனா மிச்சம் ஒன்னு எம்பத்தஞ்சு."

"அப்ப வாங்குனாலும் ருகி இல்ல, நட்டமில்ல."

"காசுக் கணக்குல இல்ல."

"வேற என்னா கணக்கு இருக்கு?"

"இன்னிக்கு நாலு தடவ வேணாம்னு சொன்னேன் மச்சான். நீங்க வரவு வச்சது ஒன்னே ஒன்னு, அதுவும் ஒன்னு இருவதுக்கு வேணும்னு நான் சொன்னது. அந்த நாலும் பாக்கி."